தீராத கணக்கும் தீரும் கணக்கும்

சென்னையில் கணித ஆய்வு மாணவர் என்ற குலத்துக்கு ஆதிபுருஷர் ராமானுஜன். துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக இருந்தவருக்கு 1913 மே மாதத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. ஆபீசுக்குப் போக வேண்டாம், கணக்குப் போட்டால் போதும். நிபந்தனை ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என்ன செய்தோம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். நூறு வருஷம் கழித்து அதே ஊரில் ஆய்வு செய்தவர்களுக்குத் தொகை மாறியிருந்தது, அறிக்கை மாறவில்லை. எழுத ஒன்றும் இல்லாத அறிக்கை ராமானுஜனுக்கு வாய்க்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு நிறையவே வாய்த்தது.

2010-களின் நடுவில் சென்னையில் கணித ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் மூன்று ஊர்ப்பெயர்கள் காதில் விழும். சேப்பாக்கத்தில் கடற்கரையைப் பார்த்த ராமானுஜன் உயராய்வு நிறுவனம், அழகப்பச் செட்டியாரின் கொடையில் 1950-இல் தொடங்கியது. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், 1962-இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கியது. பழைய ஆட்கள் அதை இன்னும் ‘மேட்சயன்ஸ்’ என்றே சொல்வார்கள். மூன்றாவது, 1989-இல் பிறந்து பிற்பாடு சிறுசேரிக்குப் போய்ச் சேர்ந்த சென்னைக் கணிதவியல் நிறுவனம். தரமணியில் காலைக் கருத்தரங்கு, சிறுசேரியில் மதியக் கருத்தரங்கு என்று அமைந்துவிட்டால் அன்றைய ஆராய்ச்சி முழுக்கப் பழைய மாமல்லபுரம் சாலையில் பேருந்துக்காக நிற்பதுதான். அப்படி நிற்பதிலும் கணக்கு உண்டு, அது பின்னால் வரும்.

உள்ளே நுழைய வழிகள் சில. பலரும் எழுதியது சி.எஸ்.ஐ.ஆர். அப்போது நடத்திய ‘நெட்’ தேர்வு, ஜூனிலும் டிசம்பரிலும். அதன் மூன்றாம் பகுதியில் ஒரு கேள்விக்கு நான்கு விடைகள் இருக்கும். எத்தனை வேண்டுமானாலும் சரியாக இருக்கலாம். சரியானவை அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண். தவறுக்குக் கழிப்பதில்லை என்பதால் தெரியாத கேள்விக்கும் எதையாவது குறித்துவிட்டு வருவது வழக்கம். அப்படிக் குருட்டாம்போக்கில் குறித்தால் சரியாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? நான்கு விடைகளில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஆக 16 வழி. எதையுமே எடுக்காத வழியைத் தள்ளினால் 15. பதினைந்தில் ஒன்று. தேர்வு மண்டபத்தில் விடை தெரியாத கேள்வியை விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போட்டு முடித்த திருப்தியோடு வெளியே வந்தவர்கள் உண்டு. ஆய்வு மாணவரின் மனசு எப்படி வேலை செய்யும் என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

தேர்வானவருக்குத் தொகை மோசமில்லை. இளநிலை உதவித்தொகை 2014-இல் 16,000 ரூபாயிலிருந்து 25,000 ஆனது. 2019-இல் 31,000, 2023-இல் 37,000. காகிதத்தில் அப்படி. பணம் மாதாமாதம் வரும் என்று நம்பிப் பிழைப்பை அமைத்துக்கொண்டவர் குறைவு. நான்கு மாதத் தொகை ஒன்றாக வந்து விழும் நாளில் கேன்டீன் பாக்கி, ஹாஸ்டல் பாக்கி, அறைத்தோழருக்கு உள்ள பாக்கி என்று அடைத்து, மிஞ்சியதை வீட்டுக்கு அனுப்பினால் மறுபடி பூஜ்யம்.

முதல் ஓரிரு வருஷம் வகுப்புகள். இயற்கணிதம், பகுப்பாய்வு, இடவியல். எம்.எஸ்சி.யில் ஒரு முறை படித்ததுதானே என்ற தைரியம் இரண்டாம் வாரத்தில் போய்விடும். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு இன்னொரு வேலையும் சேரும்: தெரிந்த விஷயத்தை அதன் இங்கிலீஷ் பெயரில் அடையாளம் கண்டுகொள்வது. ஆனால் ஒரு காலத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் ‘குலங்கள்’ என்று குரூப் தியரியே இருந்தது. அதைப் படித்தவர்களுக்கு ‘எபீலியன் குலம்’ என்ற சொல் பிள்ளைப் பருவத்து நண்பர் மாதிரி. குலம், வளையம், களம் என்ற வரிசை அழகாகத்தான் இருக்கிறது. ஊரில் யாராவது பெரியவர் “என்ன தம்பி ஆராய்ச்சி?” என்று கேட்கும்போது “குலங்களைப் பத்திங்க ஐயா” என்று சொன்னால்தான் வம்பு. அடுத்த கேள்வி எந்தக் குலம் என்பதாக இருக்கும்.

வகுப்புகள் முடிந்தால் குவாலிஃபையர் தேர்வு. அதைத் தாண்டினால் கைடு. அவர் ஒரு கட்டுரையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். பிறகு இன்னொன்று. ஆறேழு மாதம் கழித்து ஒரு நாள் கரும்பலகை முன்னால் நின்று “இதே விஷயம் இந்த நிபந்தனை இல்லாமலும் உண்மையாக இருக்குமா, பாரேன்” என்பார். அந்தப் ‘பாரேன்’தான் அடுத்த நான்கு வருஷம்.

இந்த இடத்தில்தான் வெளியாட்களின் கற்பனையும் நடப்பும் பிரிகின்றன. கணித ஆராய்ச்சி என்றால் தாள் தாளாகக் கணக்குப் போடுவது என்று நினைப்பார்கள். நடப்பில் அது பெரும்பாலும் முட்டிக்கொண்டு நிற்பது. திங்கட்கிழமை ஒரு யோசனை வரும், புதன்கிழமை நிரூபணம் கிடைத்துவிட்ட மாதிரி இருக்கும், வெள்ளிக்கிழமை மூன்றாவது வரியில் ஓட்டை தெரியும். ஆய்வகம் வைத்திருப்பவருக்குத் தோற்ற சோதனையிலாவது ஒரு அளவீடு மிஞ்சும். கணிதத்தில் தோற்ற நிரூபணத்தில் மிஞ்சுவது கசக்கிய தாள். இது போதாதென்று ஆர்க்கைவ் வேறு. உலகமெங்கும் கணிதக்காரர்கள் புதுக் கட்டுரைகளை ஏற்றி வைக்கும் அந்தக் கிடங்கின் அன்றைய பட்டியல், அமெரிக்காவில் இரவு எட்டு மணிக்கு வெளியாகும். இங்கே அப்போது விடிகாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. படுக்கையில் கண்ணைத் திறந்ததும் செல்போனில் அந்தப் பட்டியலைப் பார்ப்பது பல பேருக்குப் பழக்கம். தன் கணக்கை வேறு யாரோ நேற்று முடித்துவிட்டார்களா என்று பார்ப்பதுதான் விஷயம். முடிக்கவில்லை என்று தெரிந்தால் ஒரு நிம்மதி. முடிக்க முடியாத கணக்கோ என்று அதன் பின்னாலேயே ஒரு பயம்.

தீராத கணக்கோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறவருக்கு, உடனே தீரும் கணக்கு ஏதாவது தேவைப்படுகிறது. கேன்டீனிலும் பேருந்திலும் ஹாஸ்டல் வராந்தாவிலும் நடந்த விளையாட்டுக் கணக்குகளைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதுதான். வாரம் முழுக்க ஒன்றும் நகராதவர், சாயங்காலம் நாலு மணி டீக்குள் ஒன்றையாவது நிரூபித்துவிட்டு எழுந்து போனார்.

ஆடும் மேசை அதில் பழையது. டீக்கடை மேசை ஆடினால் ஊர் உலகம் காகிதத்தை மடித்துக் காலுக்கடியில் வைக்கும். கணித மாணவர்கள் மேசையைச் சுற்றுவார்கள். நான்கு கால்களும் ஒரே உயரம், கால்கள் சதுரமாக அமைந்தவை, தரைதான் லேசாக மேடுபள்ளம் என்றால், மேசையை நின்ற இடத்திலேயே கால் வட்டத்துக்குள் திருப்பி எங்கேயாவது ஆடாமல் நிறுத்திவிட முடியும். மூன்று கால்கள் தரையில் படிந்தும் நான்காவது அந்தரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மூன்றை எப்போதும் தரையில் அழுத்தியபடியே கால் வட்டம் திருப்பினால் கால்கள் ஒன்றின் இடத்துக்கு ஒன்று வந்துவிடும். அப்போது அந்த நான்காவது கால் தரைக்குள் புதைந்தாக வேண்டும். மேலே இருந்தது கீழே போனதென்றால், நடுவில் ஒரு கணம் தரையைத் தொட்டிருக்கிறது. பள்ளியில் படித்த இடைநிலை மதிப்புத் தேற்றம்தான் இது. கேன்டீனில் இதைச் செய்து பார்த்து மேசை ஆடிக்கொண்டே இருந்தால், தேற்றத்தில் தப்பில்லை, மேசையின் கால்கள்தான் ஒரே உயரமில்லை என்று அர்த்தம். அப்புறம் காகிதம்தான். ஆய்வேட்டின் முதல் வரைவு அதற்குப் போதுமான தடிமனில் இருக்கும்.

அதே தேற்றம் மசால் தோசைக்கும் உதவும். மாதக்கடைசியில் இரண்டு பேருக்கு ஒரு தோசை. தோசையும் சரிபாதி வேண்டும், மசாலும் சரிபாதி வேண்டும், கத்தி ஒரே ஒரு முறைதான் நேராக ஓட வேண்டும். விரித்த தோசையின் மேல் மசால் எந்த ஓரத்தில் எப்படிக் குவிந்திருந்தாலும் அப்படியொரு வெட்டு உண்டு. எந்தத் திசையில் கத்தியை வைத்தாலும், அந்தத் திசையில் தோசையைப் பாதியாக்கும் கோடு ஒன்று இருக்கும். அதன் இடப்பக்கம் மசால் அதிகம் என்று வைத்துக்கொண்டு, தோசையை எப்போதும் பாதியாக வெட்டியபடியே கத்தியை அரை வட்டம் திருப்பினால் இடமும் வலமும் இடம் மாறிவிடும். இப்போது இடப்பக்கம் மசால் குறைவு. அதிகம் குறைவானபோது நடுவில் எங்கோ சமமாக இருந்திருக்கிறது. மேற்கில் இதற்குப் பான்கேக் தேற்றம் என்று பெயர். அவர்கள் ஊர் தோசை அதுதானே. இதில் ஏமாற்றம் ஒன்று உண்டு: வெட்டு இருக்கிறது என்று தேற்றம் சொல்லும், எங்கே இருக்கிறது என்று சொல்லாது. ஆய்வு மாணவருக்கு இது பழகிய மனத்தாங்கல்தான். பெரும்பாலும் பெரிய துண்டு முந்திக்கொண்டவருக்குப் போனது.

பேருந்துக் கணக்கு இவ்வளவு இனிப்பானதல்ல. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்றால், போய் நின்றவர் சராசரியாக ஏழரை நிமிஷம் காத்திருக்க வேண்டும் என்று தோன்றும். நின்று பார்த்தவர்களுக்கு அப்படி இல்லை என்று தெரியும். பழைய மாமல்லபுரம் சாலையில் வண்டிகள் சேர்ந்தே வரும், பிறகு நெடுநேரம் வராது. இடைவெளிகளில் பாதி 5 நிமிஷம், பாதி 25 நிமிஷம் என்று வைத்துக்கொண்டால் சராசரி 15-தான். ஆனால் நிறுத்தத்துக்கு வருகிறவர் எந்த இடைவெளிக்குள் வந்து விழுவார்? நீளமானதற்குள் விழும் வாய்ப்புத்தான் ஐந்து மடங்கு அதிகம். ஆறில் ஐந்து பங்கு நேரம் அவருக்குச் சராசரி பன்னிரண்டரை நிமிஷக் காத்திருப்பு, ஆறில் ஒரு பங்கு இரண்டரை நிமிஷம். சேர்த்தால் 10 நிமிஷம் 50 விநாடி. தனக்கு மட்டும் பஸ் வருவதில்லை என்று ஊரில் ஒவ்வொருவரும் சொல்வது புலம்பல் இல்லை, சரியான கணிப்பு. எல்லாருக்கும் அப்படித்தான் என்பது மட்டும்தான் விட்டுப்போனது.

நிற்கிற நேரத்தில் கண்ணுக்குக் கிடைப்பது வண்டி எண்கள். ஊரில் பாதிப் பேர் எண்களைக் கூட்டிப் பார்ப்பவர்கள். கூட்டுத்தொகை 8 வந்தால் வேண்டாம், 9 வந்தால் விசேஷம். 1 முதல் 9999 வரை உள்ள எண்களில், ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால் 1 முதல் 9 வரை ஒவ்வொரு விடையும் சரியாக 1,111 எண்களுக்கு வரும். எட்டுக்கு என்று தனி வஞ்சம் எதுவும் இல்லை. இன்னொரு பந்தயம் கடைசி இரண்டு இலக்கங்களை வைத்து: அடுத்து வரும் இருபது வண்டிகளில் ஏதாவது இரண்டு ஒரே இரட்டை இலக்கத்தில் முடியுமா? நூறு இருக்கின்றனவே, இருபதுக்குள் எங்கே பொருந்தப்போகிறது என்று புதியவர் மறுபக்கம் பந்தயம் கட்டுவார். பொருந்தும் வாய்ப்பு கிட்டத்தட்ட 87 சதவீதம். பதின்மூன்று வண்டிகளிலேயே அது பாதியைத் தாண்டிவிடுகிறது. தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும் என்பதால் இந்த உண்மை ஒவ்வொரு வருஷமும் புது மாணவர்களுக்கு ஜூலை மாதத்தில் மட்டும் ரகசியமாக வைக்கப்பட்டது.

வண்டி வந்து உட்கார இடம் கிடைத்தால் பகாக்காரணிகளைக் கூட்டும் விளையாட்டு. 15 என்பது மூன்றைந்து, கூட்டினால் 8. அடுத்த எண் 16, நான்கு இரண்டுகள், அதுவும் 8. இப்படி அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு ஒரே கூட்டுத்தொகை வருவது அபூர்வம். 77-க்கும் 78-க்கும் வரும், 714-க்கும் 715-க்கும் வரும். இந்தக் கூட்டுத்தொகைக்கும் சென்னைக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. 1975 ஜனவரியில் பால் எர்தோஷ் இந்த ஊருக்கு வந்தார். பெட்டியும் கையுமாக உலகத்தைச் சுற்றிய ஹங்கேரியக் கணித மேதை. அவரை வரவழைத்தது, இங்கே இளங்கலை படித்துக்கொண்டிருந்த கிருஷ்ணசுவாமி அல்லாடி எழுதிய கடிதம். இருவரும் சேர்ந்து 1977-இல் வெளியிட்ட கட்டுரை பகாக்காரணிகளின் கூட்டுத்தொகையைப் பற்றியதுதான். கல்லூரிப் பையன் ஒருவனைப் பார்க்க அவ்வளவு பெரிய ஆள் பயணத்தையே மாற்றிக்கொண்டு வந்தார் என்ற கதை தரமணியில் சொல்லிச் சொல்லித் தேய்ந்தது. கைடுக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்கு மூன்று வாரமாகப் பதில் வராத நாட்களில் அது கொஞ்சம் கூடுதலாகவே சொல்லப்பட்டது.

எல்லாவற்றிலும் ஆழமானது மார்கழியில் கிடைத்தது. விடிய விடிய விழித்திருந்து ஹாஸ்டலுக்குத் திரும்புகிறவருக்குத் தரமணித் தெருக்களில் வாசல் தெளிக்கும் நேரம். சிக்குக் கோலம் போடுகிறவர் கையை எடுக்காமல் ஒரே இழையில் முடிக்கிறாரா, பல இழைகள் வருகின்றனவா என்பதைத்தான் கண் தேடும். நேர்ப்புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் ஒவ்வோரிடத்திலும் இழை பின்னிக் கடக்கும்படி போட்டால், மூன்றுக்கு நான்கு புள்ளியில் ஒரே இழை வரும். மூன்றுக்கு மூன்றில் மூன்று தனித்தனி இழைகள். நான்குக்கு ஆறில் இரண்டு. நிரைகளின் எண்ணிக்கை, நிரல்களின் எண்ணிக்கை இரண்டுக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை இழைகள்.

காரணம் கேரம் பலகையில் இருக்கிறது. இழை சாய்வாக ஓடி, ஓரத்தில் பட்டு, அதே சாய்வில் திரும்புகிறது. மூன்று புள்ளி அகலத்தில் அது போய்த் திரும்ப 6 அளவு ஆகும், நான்கு புள்ளி உயரத்தில் போய்த் திரும்ப 8. தொடங்கிய இடத்துக்குத் தொடங்கிய திசையிலேயே வந்து சேர இரண்டும் ஒருசேர முடிய வேண்டும். அது 24-இல்தான் நடக்கும். கோலத்தில் உள்ள மொத்த இழையே 24 அளவுதான், ஆகவே ஒரே சுற்றில் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. மூன்றுக்கு மூன்றில் மொத்தம் 18 அளவு. இழை 6-லேயே திரும்பி வந்துவிடுவதால் மூன்று சுற்றுகள் வேண்டியிருக்கின்றன. இதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி நிரூபிக்க ஒரு ராத்திரி ஆகும். வாசலில் குனிந்திருப்பவருக்கு எந்தப் புள்ளிக்கணக்கு ஒற்றை இழையில் வரும் என்பது கையிலேயே இருந்தது. இதைக் கல்விப்புலம் கவனிக்காமலும் இல்லை. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்துக்கு இலக்கணம் வகுத்து 1974-லேயே கட்டுரை எழுதினார்கள். கணினி மொழிகளின் இலக்கணத்தைப் படிக்கிறவர்களில் பலர் அதை அறிவார்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வேறு மாதிரி. “இன்னும் படிச்சிக்கிட்டுத்தான் இருக்கியா?” என்பது அத்தை கேட்பது. “கணக்குல இன்னும் கண்டுபிடிக்க என்னப்பா பாக்கி இருக்கு?” என்பது மாமா. கல்யாண வீட்டில் மொய் நோட்டு தானாகவே கைக்கு வந்துவிடும், கணக்குப் பிள்ளை வந்திருக்கே என்று. கூட்டல் தப்பாகும். வேறு எவர் கூட்டியிருந்தாலும் இவ்வளவு தப்பாகியிருக்காது. நவீன இயற்கணித வடிவியலையே மாற்றி எழுதிய குரோத்தெண்டிக், பகா எண்ணுக்கு உதாரணமாக 57-ஐச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. 57 என்பது மூன்று பத்தொன்பது. மொய் நோட்டின் முன்னால் உட்கார்ந்தவருக்கு அந்தக் கதை பெரிய ஆறுதல், மாமாவிடம் சொல்லத்தான் முடியாது.

பெரிய கணக்கு எப்படி முடிகிறது என்று கேட்டால், பெரும்பாலும் கேட்ட கணக்கு முடிவதில்லை. நான்காம் வருஷத்தில் ஒரு நாள், கேட்காத ஒரு சின்னக் கேள்விக்கு விடை கிடைத்திருப்பது தெரியவரும். கைடு அதைப் பார்த்துவிட்டு “இது நல்லா இருக்கே” என்பார். அதைச் சுற்றி மூன்று அத்தியாயம். பிறகு சினாப்சிஸ், ஆய்வேடு, இரண்டு மதிப்பீட்டாளர்கள், அவர்களின் பதிலுக்காகப் பல மாதங்கள். வைவாவுக்கு அறை நிறைய ஆள் வரும். சமோசா உண்டு என்பது தெரிந்த விஷயம். முன்வரிசையில் இரண்டு பேருக்குப் புரியும், மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். “கேள்விகள் ஏதும் உண்டா?” என்றதும் விழும் அமைதியை அங்கே பாராட்டு என்று எடுத்துக்கொள்வது மரபு.

பட்டம் கைக்கு வர இன்னும் ஒரு தாள் பாக்கி: நோ டியூஸ். நூலகம், ஹாஸ்டல், மெஸ், கணினி மையம், கணக்குப் பிரிவு என்று எட்டு இடத்தில் கையெழுத்து. எட்டையும் எந்த வரிசையிலும் சுற்றலாம் என்றால் 40,320 வழிகள். ஹாஸ்டல் கையெழுத்துக்கு முன்னால் மெஸ் கையெழுத்து வேண்டும் என்ற ஒரு விதியைச் சேர்த்தால் அது பாதியாகி 20,160. இந்தக் கணக்கைப் படியிறங்கும்போதே போட்டு முடித்துவிட்டுக் கணக்குப் பிரிவின் வாசலுக்குப் போனவர், மணி ஒன்று ஐந்து என்பதைக் கவனித்திருக்கவில்லை. கையெழுத்துப் போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தார்.